தனி அறையில் ஒரு பரீட்சை

போன மாதம் ஒரு பெண் போனில் அழைத்தாள். நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் இணையவழிச் சேர்க்கைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாளாம். ஊர் ஊராக இருந்த படிப்பு மையங்களை மூடிவிட்டார்கள் அல்லவா, அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களிடம் பேசிக் குறிப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "மேடம், மையத்துல உக்காந்து நீங்கல்லாம் என்ன மேடம் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு ஆயுசு முழுக்கப் பார்த்த வேலையை இப்படிக் கேட்கிறாளே என்று கோபம்கூட வந்தது. ஆனால் அவள் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். போனில் ஏதோ அரைகுறையாகச் சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு வாய்க்கு வராதது இப்போது பேனாவுக்கு வருகிறது.

நான் அருப்புக்கோட்டை மையத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது வாசல் பலகையில் 'அஞ்சல் வழிக் கல்வி' என்று இருந்தது. பிறகு அது 'தொலைதூரக் கல்வி' ஆனது. அப்புறம் 'தொலைநிலைக் கல்வி' என்றார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே பெயிண்டர்தான் வந்து பழைய எழுத்தின் மேல் வெள்ளை அடித்துப் புதிதாக எழுதுவார். கடைசியாக வந்தபோது, "இதுலயாவது நிப்பாகளாக்கா, இல்ல ஈரம் காயுறதுக்குள்ள மாத்திருவாகளா?" என்று கேட்டார். பலகைதான் மாறியதே தவிர உள்ளே இருந்த நாங்கள் மாறவில்லை. ஒரு கல்லூரியின் பின்கட்டில் இரண்டு அறைகள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கல்லூரியின் வகுப்பறைகள் எல்லாம் எங்களுக்கு. பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் நான்தான் பூட்டைத் திறப்பேன்.

ஞாயிறு வகுப்புக்கு யார் யார் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? நூல் மில்லில் இரவு ஷிப்டு முடித்து நேராக வருகிறவர்கள், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். பதவி உயர்வுக்காகப் படிக்கும் வாத்தியார்கள். லீவு போட்டுவிட்டு வரும் கண்டக்டர்கள். கைப்பிள்ளையோடு வரும் பெண்கள். பாடம் நடத்த வரும் பேராசிரியர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், பாதி வகுப்பு தூங்கி வழிகிறதே என்று. தூங்கட்டும் சார், தூங்குவதற்கு வீட்டிலேயே பாய் இருக்கிறது, அதை விட்டுவிட்டு இங்கே வந்து தூங்குகிறார்களே, அதை யோசியுங்கள் என்று நான் சொல்லியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

எங்களுக்கு வந்த பெரிய தலைவலி பாடப் புத்தகப் பார்சல்கள் திரும்பி வருவது. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. படிக்கச் சேரும் பெண்கள் விண்ணப்பத்தில் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயரை எழுதுவார்கள். வாக்கப்பட்ட ஊரில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அங்கே அவள் இன்னார் மருமகள், இன்ன கடைக்காரர் சம்சாரம், இல்லை வீட்டில் வைத்த வேறு ஒரு பெயர். போஸ்ட்மேன் நாலு வீட்டில் விசாரித்துவிட்டு 'அப்படி ஒருவர் இல்லை' என்று எழுதித் திருப்பிவிடுவார்.

திருச்சுழிக்குப் போன ஒரு பார்சல் இன்னும் வேடிக்கை. பி.காம் சேர்ந்த மகேஸ்வரி என்ற பெண்ணுக்குப் போனது அது. அவள் மாமியார் பெயரும் மகேஸ்வரி. மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை அதட்ட முடியாதே, அதனால் கல்யாணமான அன்றே அவளைப் 'பாப்பா' ஆக்கிவிட்டார்கள். போஸ்ட்மேன் பார்சலை மாமியார் கையில் கொடுத்திருக்கிறார். அந்தம்மாவுக்குக் கையெழுத்துப் போடுவதோடு சரி. நான் எங்கய்யா புஸ்தகம் கேட்டேன், கொண்டுபோ என்று விரட்டிவிட்டார். மறுபடி அனுப்பினோம், மறுபடி விரட்டினார்.

மூன்றாவது முறை பார்சலுக்குப் பதிலாக வீட்டுப் பெரியவரே மையத்துக்கு வந்துவிட்டார். கருப்பையா அண்ணாச்சி, மகேஸ்வரியின் மாமனார். திருச்சுழியில் பலசரக்குக் கடை. "எங்க வீட்டம்மாவுக்கு நீங்கதான் புஸ்தகம் அனுப்புறீகளா?" என்று அதட்டலாகத்தான் ஆரம்பித்தார். நான் விண்ணப்பத்தில் இருந்த போட்டோவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மருமகள் புருசனிடம் மட்டும் சொல்லிவிட்டுச் சேர்ந்திருக்கிறாள். பன்னிரண்டாவது முடித்ததும் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், தொடங்கியது எல்லாம் பாதியில் நிற்கிறது, ஒன்றையாவது முடித்துப் பார்க்க வேண்டும் என்று சேரும்போது என்னிடம் சொல்லியிருந்தாள். அதை நான் அண்ணாச்சியிடம் சொன்னேன். இன்றைக்கு ஒரு சண்டை உண்டு என்று நினைத்துக்கொண்டேன். அவர், முடித்துவிடுவாளா என்று மட்டும் கேட்டார். படித்தால் முடிப்பாள் என்றேன். "சரக்கு எடுத்தாச்சுன்னா வித்து முடிச்சிரணும்லம்மா" என்று சொல்லிவிட்டுப் பார்சலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அதற்குப் பிறகு பரீட்சைக்கெல்லாம் அவர்தான் அவளைக் கூட்டிவருவார். மகன், அவள் புருசன் செல்வம், கடையைப் பார்த்துக்கொள்வான். அவள் உள்ளே எழுதும் நேரம் முழுக்க அண்ணாச்சி வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருப்பார். முடித்துவிட்டு வெளியே வருகிறவர்களை, தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்காமல், நிறுத்தி விசாரிப்பார். அவளுக்கு நடுவில் இரண்டு பிரசவம், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று வருடங்கள் ஓடின. எல்லாத் தாளும் தேறி, செலவுக் கணக்கியல் என்ற ஒரே தாள் மட்டும் அவளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. கடையில் கால் கிலோ சீரகத்துக்கும் நொடியில் கணக்குச் சொல்கிறவள்தான்.

இனி எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஞானதுரை சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணிதப் பேராசிரியர். சட்டை மடிப்புக் கலைந்து நான் பார்த்ததில்லை. கூட்டுகிற அம்மாவிலிருந்து துணைவேந்தர் வரைக்கும் எல்லோருக்கும் ஒரே 'வாங்க'தான், ஒரே 'போயிட்டு வாரேன்'தான். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அவர் அறையை விட்டுக் கிளம்பியதே கிடையாது. ஞாயிறு வகுப்பில் முதல் கேள்வி, சாப்பிட்டு வந்தீர்களா என்பது. கை தூக்காதவர்கள் பாதிப் பேர் இருந்தால் வகுப்பைத் தள்ளிவைத்து, எல்லோரையும் டீக்கடைக்கு அனுப்பிவிடுவார்.

ஆனால் பரீட்சை என்றால் சார் வேறு ஆள். கேள்வித்தாள் கட்டு முத்திரையோடு பீரோவுக்குள் இருக்கும். சாவி அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். மணி அடிக்கும் முன்பு பரீட்சை எழுத வந்தவர்களில் இரண்டு பேரை அழைத்து, முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குவார். அரைமணி நேரம் தாண்டி வந்தால் சொந்தத் தம்பியானாலும் வெளியேதான். கண்காணிப்பாளர் வாயைத் திறக்கக் கூடாது. கேள்வித்தாளில் பிழை இருந்து திருத்தம் வந்தால் அதை உரக்க அறிவிக்கலாம், அவ்வளவுதான். சார் விதிகளைப் படித்தது மாதிரி நான் சாமி பாட்டைக்கூடப் படித்ததில்லை. இந்த மனுசனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று சில நாள் எனக்கே தோன்றியிருக்கிறது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு விதி இருந்தது. படிப்புக்கு எத்தனை வருடமோ அதற்கு இரண்டு மடங்கு காலம் பதிவு செல்லும். அதற்குள் எல்லாத் தாளையும் முடிக்க வேண்டும். ஒரு தாள் நின்றாலும் தேறியது அத்தனையும் ரத்து, மறுபடி முதலிலிருந்து சேர வேண்டும். மகேஸ்வரிக்கு அந்தக் கடைசிப் பரீட்சை வந்தது. ஒரே தாள், வருகிற ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரத்தின் தொடக்கத்தில் செல்வம் போன் செய்தான். "அப்பா தவறிட்டாகக்கா. காலையில கடையத் தொறந்துக்கிட்டு இருக்கையிலேயே சாஞ்சுட்டாக" என்றான். அழுகைக்கு நடுவில், பாப்பா பரீட்சைக்கு வர முடியாது, ஹால் டிக்கெட்டை அடுத்த தடவைக்கு மாற்றித் தர முடியுமா என்றும் கேட்டான். அடுத்த தடவை என்று ஒன்று இல்லை என்பது அவனுக்குத் தெரியவில்லை. அதை அந்த நேரத்தில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

சாரிடம் சொன்னேன். பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டார். நீட்டிப்புக்கு இடமே இல்லை என்றார்கள். சார் வாதாடவில்லை, நன்றி சொல்லி வைத்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு, "துக்கம் கேக்கப் போகணும்லம்மா வசந்தா, கெளம்புங்க" என்றார்.

திருச்சுழி பஸ்ஸில் போகும்போது அவருக்கு எங்கள் பக்கத்து வழக்கங்களைச் சொன்னேன். பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரை வீட்டு மருமகள் படி இறங்க மாட்டாள். துக்க வீட்டில் நம்மை யாரும் 'வாங்க' என்று அழைக்க மாட்டார்கள், நாமும் அங்கே யாரையும் எங்கேயும் அழைக்கக் கூடாது. கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லவே கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். சார் யோசித்துவிட்டு, "அப்ப பரீட்சைக்கு வாங்கன்னு நான் எப்படிம்மா சொல்றது?" என்று கேட்டார். சொல்ல முடியாது சார் என்றேன். அதன் பிறகு திருச்சுழி வரும் வரை ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நான் பெண்கள் இருந்த உள் அறைக்குப் போனேன். மாமியார் சுவரோரம் பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். அண்ணாச்சி போனதிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். மகேஸ்வரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்குள்ளேயே காதருகில், "என் பரீட்சையப் பத்தி வாயத் தெறந்துராதீகக்கா, அத்தைக்குத் தாங்காது" என்றாள். ஒரு தாளில் அவளுடைய இத்தனை வருடமும் போகப்போகிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சொல்கிறாள்.

சார் வெளியே பந்தலில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே பேச்சு எங்களுக்குக் கேட்டது. அண்ணாச்சியின் அண்ணன்தான் அங்கே பெரியவர், அவர் சொன்னால்தான் வீட்டில் எதுவும் நடக்கும். சார் சாவு எப்படி நடந்தது என்று முழுக்கக் கேட்டார். தலைமாட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டார். பிறகு, ஏதோ ஊர் விவரம் பேசுகிற மாதிரி, தன் வழக்கமான நிதானத்தில் ஆரம்பித்தார்.

"அய்யா, எங்க பரீட்சையில ஒரு வழக்கம் உண்டு. அம்மை போட்ட பிள்ளைக வந்தா திருப்பி அனுப்புறது இல்ல. மத்தவுகளோட உக்கார வைக்கிறதும் இல்ல. அவுகளுக்குன்னு தனி ரூம்பு, தனி வாசல், தனி ஆளு. வேற காரணம் இருந்தாலும் அந்த ரூம்பக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. ஞாயித்துக்கெழம அது தொறந்துதான் இருக்கும்."

பெரியவருக்குப் புரிந்துவிட்டது. "இது அம்மை இல்லையே சார், தீட்டுல்ல? மத்த பிள்ளைகளுக்கு ஆகுமா?" என்றார்.

"அதுக்குத்தான்யா ரூம்பு. உங்க தீட்டுக்குக் குறுக்க நான் வரல. அதக் காப்பாத்துறதுக்கு எங்ககிட்டயும் ஒரு கதவு இருக்குன்னு சொல்றேன்."

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆகாது என்று அவரால் சொல்ல முடியவில்லை, ஆகும் என்று சொல்லவும் வாய் வரவில்லை. வீட்டுப் பொம்பளைகள் என்ன நினைக்கிறார்களோ என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். உள்ளே இருந்த அத்தனை பெண்களும் சுவரோரத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் நிமிரவில்லை. முழங்காலில் வைத்த தலையை எடுக்காமலே பேசினார்.

"அவுகதான் கூட்டிட்டுப் போயிக்கிட்டு இருந்தாக. இப்பப் பாதியில விட்டுட்டுப் போயிட்டாக. பாப்பா, நீ போயி எழுதிட்டு வா. வந்து அழுதுக்கிரலாம்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. நான் எழுந்து வெளியே வந்தபோது சார் ஏற்கெனவே தெருவில் இறங்கி நின்றுகொண்டிருந்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அந்த மனுசர் கிளம்பியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பஸ் வரும் வரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இந்த மனுசனைப் போய் ஈரம் இல்லாதவர் என்று நினைத்தோமே என்று எனக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகேஸ்வரியை அவள் நாத்தனார் புருசன் வண்டியில் கொண்டுவந்து பின்வாசலில் விட்டார். ஈரத் தலையை அள்ளி முடிந்திருந்தாள். பூ இல்லை. ஆய்வுக்கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் ஒரு பெஞ்சு, ஒரு நாற்காலி. கண்காணிப்புக்கு நானே கேட்டுப் போட்டுக்கொண்டேன். முத்திரை பார்த்துக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் ஒருத்தியாக அவளையே வைத்தார் சார். மற்றவர் கையெழுத்துப் போட்ட பிறகு கட்டைத் தானே அந்த அறைக்குக் கொண்டுவந்து நீட்டினார். அவள் விரலால் தடவிப் பார்த்து, சரியாக இருக்கிறது சார் என்றாள்.

கேள்வித்தாளைக் கொடுத்தேன். வாங்கிப் பெயர், எண் எல்லாம் எழுதினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அங்கே வேப்பமரமும் பெஞ்சும். பெஞ்சில் யாரும் இல்லை. அதை யோசிக்காமல் அந்த அறையைத் தேர்ந்துவிட்டோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை. எழுந்து போய் அவள் தலையைப் பிடித்து என் வயிற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. நான் கண்காணிப்பாளர். ஒரு வார்த்தை பேசக் கூடாது. நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவளுடைய எழுதாத தாளைப் பார்த்துக்கொண்டே.

சார் சுற்று வந்தார். வாசலில் நின்று அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அவருக்கும் அதே விதிதான். பிறகு உள்ளே வந்து, இருநூறு பேர் இருக்கும் கூடத்தில் அறிவிக்கிற அதே குரலில் சொன்னார்.

"கேள்வித்தாளில் திருத்தம் எதுவும் இல்லை. தொடர்ந்து எழுதலாம்."

இல்லாத திருத்தத்தை இல்லை என்று அறிவிக்கும் வழக்கம் எங்கேயும் கிடையாது. அதை அறிவிக்கக் கூடாது என்ற விதியும் கிடையாது. மகேஸ்வரி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். அப்புறம் மணி அடிக்கும் வரை தலை தூக்கவில்லை. கூடுதல் தாள் கேட்டு வாங்கினாள். முடித்ததும் பின்வாசல் வழியாகவே அழ வேண்டிய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்தத் தாளில் தேறினாள். நான்தான் போன் செய்து சொன்னேன்.

போனில் அழைத்த பெண் இப்போது வீட்டிலிருந்தே பரீட்சை எழுதலாம் என்று பெருமையாகச் சொன்னாள். கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளுமாம், யார் திரும்பினார்கள், யார் எழுந்தார்கள் என்று. நான் குறை சொல்ல மாட்டேன். கால் முடியாதவர்களுக்கும் கைப்பிள்ளைக்காரிகளுக்கும் அது பெரிய உதவி. எங்கள் பக்கம் ஜவுளிப் பூங்கா வருகிறது, படித்திருந்தால் நல்ல வேலைக்குப் போகலாம் என்று குமாரலிங்கபுரத்துப் பிள்ளைகள் போனிலேயே பாடம் கேட்கிறார்களாம், சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்கு வீட்டிலிருந்தே எழுதலாம் என்று இருந்தால் மகேஸ்வரிக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். ஒப்பாரிக்கு நடுவில் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொள் என்றிருப்பார்கள். அவளும் சரி என்று உட்கார்ந்து, எழுத முடியாமல் எழுந்திருப்பாள். அவள் படி இறங்கட்டும் என்று யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது. இனி வரப்போகிற பல்கலைக்கழகம் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகட்டும், தாலுகாவுக்கு ஒரு அறையையாவது, அதைத் திறந்துவிட ஒரு ஆளையாவது வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பெண்ணிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அண்ணாச்சிக்கு வருடம் திரும்பியது. அதுவரை, புருசனை இழந்தவர்களுக்கு உள்ள வழக்கப்படி, வீட்டு வாசல் தாண்டாமல் இருந்த மாமியார், காரியம் முடிந்து முதலில் கோயிலுக்குப் போனாராம். அடுத்ததாக மருமகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் மையத்துக்கு வந்தார். சாருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பாப்பா எழுதிய ரூம்பைப் பார்க்க வேண்டும் என்றார். நான் திறந்துவிட்டேன். பெரிதாக என்ன இருக்கிறது அங்கே, அதே பெஞ்சு, அதே நாற்காலி. அவர் உள்ளே வந்து நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மகேஸ்வரி எழுதிய பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்து, பலகையைக் கையால் தடவினார்.

"நானும் ஒரு வருசமா தனி ரூம்புலதான் சார் கெடந்தேன்" என்றார். "வேளைக்குச் சோறு வந்துச்சு. எம்புட்டோ சனம் வந்து அழுதுட்டுப் போச்சு. ஒரு காயிதத்தக் கையில குடுத்து, இத எழுது, எழுதிட்டு வெளிய வான்னு ஒருத்தரும் சொல்லல."

மகேஸ்வரி போய், மாமியாரைக் கொஞ்சம் நகரச் சொல்லி, அதே பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.